மனநோய் விடுதியும் ஒரு மகத்தான நாவலும்

மருத்துவத் தொழில் செய்துகொண்டே கதை எழுதிப் புகழ் பெற்றவர்கள் சிலரை நாம் அறிவோம். ருஷ்ய நாட்டுச் செக்காவின் பெயர் நம் மேல் வகுப்பு மாணவியருக்குப் புதிதன்று. ஜெர்மனியில் ஆல்பிரட் டோப்ளின் என்றொருவர் இருந்தார். அவர் மனநோய் மருத்துவர். மனநோய் விடுதிகளில் தொழிலைத் தொடங்கி, பின்னர் ஏழைத் தொழிலாளர் வாழும் பகுதியில் நரம்பு நோய் வைத்தியராக உழைத்து, அதற்கிடையிலே இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த நாவல்களுள் ஒன்றெனப் போற்றப்படும் நூலை எழுதினார். முடிவில் ஒரு மனநோய் விடுதியிலேயே கண்ணை மூடினார். யூதராகப் பிறந்து, அறுபத்து மூன்றாம் வயதில் நம் திருச்சபையில் சேர்ந்தவர். இத்தனை இருந்தும் நம்மில் பலர் அவர் பெயரைக் கேட்டதில்லை. ஆதலின் அவருடைய வாழ்க்கையை இம்மலரில் சற்று விரிவாகவே சொல்ல விழைகிறோம்.

1878-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் ஸ்டெட்டின் என்னும் துறைமுக நகரில் டோப்ளின் பிறந்தார். அந்நகர் அன்று ஜெர்மனியைச் சேர்ந்தது. இன்று போலந்து நாட்டில் உள்ளது. தந்தை தையற்கடை நடத்தியவர். ஆட்களை வைத்து வேலை வாங்கும் அளவுக்கு வசதி இருந்தது. பியானோ, வயலின் இரண்டும் வாசிப்பார், பாட்டும் கட்டுவார். தாய் சோபியாவோ வீட்டுக் கணக்கும் பிள்ளைகளின் பசியுமே கவலையாக வாழ்ந்த பெண்மணி. ஐந்து பிள்ளைகள்.

1888-இல் அந்த வீடு இடிந்தது. தந்தை, தம் கடையில் வேலை செய்த, தம்மைவிட இருபது வயது இளைய பெண் ஒருத்தியுடன் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். ஆல்பிரடுக்கு அப்போது பத்து வயது. தாய் ஐந்து பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பெர்லினுக்கு இரயிலேறினார். அங்கே அவருடைய உடன்பிறந்தான் இருந்தார். அவர் கையை எதிர்பார்த்தே குடும்பம் நடக்க வேண்டியிருந்தது. பள்ளியில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஆல்பிரடின் படிப்பு சில ஆண்டுகள் நின்றே போயிற்று. மீண்டும் பள்ளியில் சேர்ந்தபோது தம்மிலும் வயதில் சிறிய பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார வேண்டிய நிலை. பள்ளிப் படிப்பை முடித்தபோது வயது இருபத்திரண்டு! தேர்வில் ஓராண்டு பின்தங்கினாலே உலகம் முடிந்துவிட்டதாக எண்ணி அழும் நம் பிள்ளைகள் இதனைக் கவனிக்க வேண்டும்.

மருத்துவம் பயில அவர் முதலில் பெர்லினிலும் பின்னர் பிரைபுர்க் நகரிலும் சேர்ந்தார். 1905-இல் டாக்டர் பட்டத்திற்காக அவர் எழுதிய ஆராய்ச்சி நூல் ஞாபக மறதியைப் பற்றியது. கொர்சாக்கோவ் என்னும் ருஷ்ய மருத்துவரின் பெயரால் வழங்கும் மனநோய் ஒன்று உண்டு. பல்லாண்டுக் குடிப்பழக்கத்தால் வருவது. இந்நோய் கண்டவருக்குப் பழைய நினைவுகள் ஓரளவு இருக்கும். காலையில் என்ன நடந்தது, யார் வந்து போனார் என்பது நில்லாது. ஆனால் கேட்டால் பதில் சொல்வார். நினைவில் விழுந்த பள்ளத்தைத் தம்மையும் அறியாமல் கற்பனைச் சம்பவங்களால் நிரப்பிவிடுவார். பொய் சொல்லும் எண்ணம் அவருக்கு எள்ளளவும் இராது. இளைஞர் டோப்ளின் இத்தகைய நோயாளிகளின் அருகே அமர்ந்து, அவர்கள் சொன்னவற்றைக் குறித்துக்கொண்டார். பிற்காலத்தில் நாவலாசிரியரான ஒருவரின் முதல் ஆராய்ச்சி, கதை கட்டாமல் இருக்க முடியாத நோயாளிகளைப் பற்றியது என்பது நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

இந்த ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பேராசிரியரின் பெயரை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். அவர் பெயர் ஆல்பிரட் ஹோகே.

பட்டம் பெற்றபின் டோப்ளின் ரேகன்ஸ்புர்க் நகரை அடுத்த மனநோய் விடுதியிலும், 1906 முதல் 1908 வரை பெர்லினுக்கு வெளியே பூக் என்னும் இடத்தில் அப்போதுதான் திறக்கப்பட்டிருந்த பெரிய மனநோய் விடுதியிலும் உதவி மருத்துவராக இருந்தார். அக்காலத்தில் மனநோய்க்கு மருந்து என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. வெந்நீர்த் தொட்டியில் நெடுநேரம் படுக்கவைப்பது, தூக்க மருந்து கொடுப்பது, கட்டிலோடு கிடத்திக் கண்காணிப்பது, உண்ண மறுப்பவருக்குக் குழாய் வழியே உணவு செலுத்துவது, இவைதாம் வைத்தியம். நோயாளிகளுள் பலர் ஆண்டுக்கணக்காக ஒரு சொல்லும் பேசாமல் கிடந்தனர். இளம் மருத்துவர் பலர் இத்தகைய இடத்தை விட்டு எப்போது ஓடலாம் என்றே பார்ப்பர். டோப்ளினுக்கோ அங்கே மனம் பொருந்தியது. செடி கொடிகள், விலங்குகள், கற்கள் நீங்கலாக, மனிதரில் தமக்குச் சகிக்க முடிந்தவர் குழந்தைகளும் பைத்தியங்களும்தாம் என்று அவர் பின்னாளில் எழுதினார். வேடிக்கையாகச் சொன்னது போலிருந்தாலும் அதில் உண்மை இருந்தது. அவர்களிடம் நடிப்பில்லை என்பதே அவருக்குப் பிடித்திருந்தது.

பின்னர் பெர்லின் நகர மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்தார். அங்கே மருத்துவம் பயிலும் மாணவியாக இருந்த எர்னா ரைஸ் என்பவரை 1912-இல் மணந்தார். அதற்கு முந்திய ஆண்டே சொந்தமாக வைத்தியசாலை வைத்துக்கொண்டார். 1913-இல் அதை நகரின் கிழக்கே லிக்டன்பெர்க் பகுதிக்கு மாற்றினார். தொழிற்சாலைகளும் நெருக்கமான குடியிருப்புகளும் நிறைந்த பகுதி அது. அவரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் தொழிலாளர் காப்புறுதிச் சீட்டோடு வரும் ஏழைகள். தூக்கமின்மை, கைநடுக்கம், குடி, வேலையில்லாத் திண்டாட்டத்தால் வந்த சித்தக் கலக்கம், குடும்பச் சண்டை, எல்லாவற்றையும் அவர் முன் கொட்டினார்கள். குற்றவாளிகளை வைத்து மனநிலையைக் கவனிக்கும் பிரிவு ஒன்றையும் அவர் சில காலம் நடத்தியதுண்டு. நல்லவர், கெட்டவர் என்று மக்களை இரண்டு கட்டாகக் கட்டிவைப்பது சரிவராது என்பதை அங்கேதான் கற்றதாக அவர் கருதினார்.

எழுதுவதற்கு நேரம் எங்கே கிடைத்தது? இது நமக்கும் ஆச்சரியமே. சீன நாட்டைக் களமாகக் கொண்ட 'வாங்-லுனின் மூன்று பாய்ச்சல்கள்' என்ற முதற்பெரு நாவலை, நகர இரயிலில் போகும்போதும், அவசர சிகிச்சை நிலையத்தில் இரவுப் பணி பார்க்கும்போதும், ஒரு நோயாளி போய் அடுத்தவர் வருவதற்குள்ளும், வீடு தேடிப்போய் வைத்தியம் பார்க்கையில் மாடிப்படிகளில் நின்றும் எழுதினாராம். அதற்கு 1916-இல் பரிசும் கிடைத்தது. தாயாருக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. நல்ல தொழில் கையில் இருக்க இது எதற்கு என்பதே அவருடைய கேள்வி. கலையார்வம் மிகுந்த கணவர் தம்மை விட்டுப்போன கதையை அந்தத் தாய் மறந்திருக்க முடியாதல்லவா!

முதல் உலகப் போரில் டோப்ளின் இராணுவ மருத்துவராக எல்லைப்புற ஊர்களில் பணியாற்றினார். போர் முடிந்து ஊர் திரும்பினால் அங்கும் அமைதியில்லை. 1919 மார்ச்சு மாதம் லிக்டன்பெர்க் தெருக்களில் நடந்த உள்நாட்டுச் சண்டையில் குண்டின் சிதறல் பட்டு அவருடைய தமக்கை மேத்தா இறந்தார். மறு ஆண்டு தாயும் காலமானார்.

அதே 1920-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஒரு சிறு நூல் வெளிவந்தது. சட்டப் பேராசிரியர் ஒருவரும் மனநோய்ப் பேராசிரியர் ஒருவரும் சேர்ந்து எழுதியது. குணமாக்க முடியாத மனநோயாளிகளும் அறிவு வளர்ச்சியற்றவர்களும் வாழத் தகுதியில்லாத உயிர்கள், நாட்டுக்கு வீண் சுமை; அவர்களைக் கொல்வதைச் சட்டம் அனுமதிக்கலாம் என்பதே அந்நூலின் வாதம். எழுதிய மனநோய்ப் பேராசிரியர் வேறு யாருமல்லர், டோப்ளினுக்கு வழிகாட்டிய ஹோகேதான். அப்போது பலர் அதை எதிர்த்தனர். ஆனால் புத்தகம் அச்சாகிவிட்டால் அது யார் கையில் போய்ச் சேரும் என்பதை யார் அறிவார்?

டோப்ளின் அந்நூலுக்கு மறுப்பாகத் தம் நாவலை எழுதினார் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரமில்லை. ஆயினும் ஆசிரியர் ஒரு பக்கம் சென்றார், மாணவர் நேர் எதிர்ப்பக்கம் சென்றார் என்பதைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

1927-இல் அவர் வெளியிட்ட 'மனஸ்' என்ற நீண்ட காவியம் நமக்கு உரிமையானது. களம் நம் பாரத நாடு. அவரோ இந்தியாவுக்கு வந்தவரல்லர். வெற்றி வாகை சூடித் திரும்பும் மனஸ் என்னும் அரச குமாரன், தான் கொன்றவர்களின் துயரத்தை எண்ணி மனமுடைந்து, துன்பம் என்றால் என்னவென்று அறிய இமயத்திலுள்ள இறந்தோர் வெளியை நாடிச் செல்கிறான்; அங்கே மாண்டும் போகிறான். அவனைத் தேடிச் சென்று அன்பினால் மீட்கும் மனைவியின் பெயர் சாவித்திரி! எமனிடம் வாதாடிச் சத்தியவானை மீட்ட நம் சாவித்திரியை நாம் உடனே அடையாளம் கண்டுகொள்வோம். ஜெர்மானிய வாசகர்களோ இந்நூலை ஏறக்குறைய எவருமே வாங்கவில்லை. டோப்ளின் சோர்வடையவில்லை. அதே கதையைப் பெர்லின் தெருவுக்குக் கொண்டுவந்தால் என்ன என்று எண்ணினார். அப்படிப் பிறந்ததுதான் 1929-இல் வெளிவந்த 'பெர்லின் அலெக்சாந்தர்பிளாட்ஸ்'.

அலெக்சாந்தர்பிளாட்ஸ் என்பது பெர்லினில் டிராம் வண்டிகளும் கடைகளும் சந்திக்கும் ஒரு சதுக்கம். கதாநாயகன் பிரான்ஸ் பீபர்கோப் ஒரு முரட்டுக் கூலித் தொழிலாளி. தன்னோடு வாழ்ந்த பெண்ணை ஆத்திரத்தில் அடித்துக் கொன்றதற்காக நான்கு ஆண்டு சிறையில் இருந்தவன். சிறை வாசலைக் கடந்து வெளியே வரும்போது அவனுக்குப் பயம். வீட்டுக் கூரைகள் சரிந்து தன்மேல் விழுவது போல் தோன்றுகிறது. இனி யோக்கியனாக வாழ்வேன் என்று உறுதி பூணுகிறான். ஆனால் அந்த உறுதியில் செருக்குக் கலந்திருக்கிறது. தன் பலத்தாலேயே எல்லாம் ஆகும் என்று நினைக்கிறான்.

மூன்று அடிகள் அவன்மேல் விழுகின்றன. முதலில் நம்பிய கூட்டாளி ஒருவன் ஏமாற்றுகிறான். அடுத்து ரைன்ஹோல்ட் என்னும் தீயவன் ஓடும் காரிலிருந்து அவனைத் தள்ளிவிட, வலக்கையை இழக்கிறான். மூன்றாவதாக, அவனை உயிராக நேசித்த மீட்சே என்ற பெண்ணை அந்த ரைன்ஹோல்டே காட்டுக்கு அழைத்துச் சென்று கொன்றுவிடுகிறான். பீபர்கோப் நொறுங்கிப் போகிறான். போலீசார் பிடிக்கின்றனர். பேசவில்லை, உண்ணவில்லை, கண் திறக்கவில்லை. கொண்டுபோய்ச் சேர்க்கப்படும் இடம் பூக் மனநோய் விடுதி. இருபது ஆண்டுகளுக்கு முன் டோப்ளின் வேலை பார்த்த அதே இடம்!

இந்தப் பகுதியை மருத்துவரல்லாத ஒருவர் எழுதியிருக்க முடியாது என்பது நம் கருத்து. குழாய் வழியே உணவு செலுத்துகிறார்கள். அவன் அதை வெளியே தள்ளுகிறான். கட்டிலருகே மருத்துவர்கள் வாதாடுகிறார்கள். நோயின் வேர் மனத்தில் இருக்கிறது என்று இளையவர்கள் சொல்ல, அனுபவஸ்தரான மூத்தவர் அதைக் கேட்டுச் சிரிக்கிறார். தாம் நேரில் கேட்ட வாதங்களையே டோப்ளின் அங்கே வைத்திருக்கிறார் என்று கொள்ளலாம். தம் தொழிலைக் கேலி செய்யவும் அவர் தயங்கவில்லை. வாதம் நடந்துகொண்டிருக்க, கட்டிலில் கிடப்பவனிடம் மரணமே வந்து பேசுகிறது. அவன் தீங்கிழைத்தவர் ஒவ்வொருவராக அவன் முன் வருகின்றனர். தன்னைத் தவிர வேறெவரையும் தான் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்குகிறது. அழுகிறான். பழைய பீபர்கோப் அங்கே இறக்கிறான். மருத்துவர் கண்டது, நோயாளி ஒருவன் கண் திறந்து உணவு கேட்டதை மட்டுமே. முடிவில் அவனுக்குக் கிடைப்பது ஒரு தொழிற்சாலையில் துணை வாயிற்காவலன் வேலை. அவ்வளவுதான். ஆனால் அந்த வாசலில் நின்று அவன் இப்போது மற்ற மனிதரைப் பார்க்கிறான்.

கொலைகாரன், ஒற்றைக்கையன், வாய்பேசாமல் குழாயில் உணவு ஏற்றப்படுபவன். ஹோகேயின் நூல் யாரை வீண் சுமை என்று ஒதுக்கத் துணிந்ததோ அப்படிப்பட்டவன் கிடந்த கட்டிலருகிலேதான் டோப்ளின் தம் கதையின் சிகரத்தை வைத்தார்.

நாவலின் நடையும் புதுமையானது. பத்திரிகைச் செய்தி, வானிலை அறிக்கை, கடை விளம்பரம், டிராம் நிறுத்தங்களின் பெயர், மாட்டுச் சந்தைக் கணக்கு, தெருப்பாட்டு யாவும் கதையின் நடுவே கலந்து வரும். திடீரென்று யோபு வருவார். ஆபிரகாம் ஈசாக்கை மலைமேல் அழைத்துச் செல்வார். மேல்நிலை வகுப்பைக் கடந்தவர்களுக்கே இந்நூல் ஏற்றது. அதில் தீயவர் பேச்சும் கொடுஞ்செயல்களும் ஒளிவு மறைவின்றி வருகின்றன. நூல் பல்லாயிரம் பிரதிகள் விற்று, பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1931-இல் திரைப்படமாகவும், 1980-இல் பதினான்கு பகுதித் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது.

இதற்கு முந்திய ஆண்டு, தம் ஐம்பதாம் வயதில், அவர் ஒரு சுவையான கட்டுரை எழுதினார். நரம்பு வைத்தியர் டோப்ளின், எழுத்தாளர் டோப்ளினைப் பற்றிப் பேசுவார். அந்தப் பெயருள்ள எழுத்தாளர் ஒருவர் இருப்பதாகக் கேள்விதான், தமக்கு அவரைப் படிக்க நேரமில்லை என்பார். பிறகு எழுத்தாளர் போய் வைத்தியரைப் பார்த்துவிட்டு, ஆரவாரமில்லாத மனிதராயிருக்கிறார் என்று எழுதுவார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அறியாதது போன்ற அந்தப் பாவனை நமக்குச் சிரிப்பூட்டுகிறது. மறு ஆண்டு வந்த நாவலைப் படித்தவர் யாரும் அதை நம்பமாட்டார்.

1933 பிப்ரவரி 27-ஆம் நாள் இரவு பெர்லின் பாராளுமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. ஹிட்லர் பதவிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. யூதர், அதிலும் இடதுசாரிக் கருத்துடைய எழுத்தாளர். மறுநாளே டோப்ளின் இரயிலேறி சுவிட்சர்லாந்து எல்லையைக் கடந்தார். மே மாதம் அவருடைய நூல்களும் நெருப்பில் எறியப்பட்டன. பாரிசில் குடியேறி 1936-இல் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றாலும், அங்கே வைத்தியம் செய்ய அவருக்கு அனுமதியில்லை. வந்து பேச நோயாளி ஒருவரும் இல்லாத அந்த ஆண்டுகள் அவருக்கு எவ்வளவு வெறுமையாக இருந்திருக்கும்!

1940 ஜூன் மாதம் ஜெர்மானியப் படைகள் பாரிசை நெருங்கின. மனைவியும் கடைசி மகனும் முன்பே ஊரை விட்டுப் போயிருந்தனர். அவர்களைத் தேடிப் புறப்பட்ட டோப்ளின், அகதிகள் வெள்ளத்தில் அகப்பட்டு, இரயில் மாறி இரயில் ஏறி, தென் பிரான்சின் மலை நாட்டிலுள்ள மாந்த் என்ற சிற்றூரில் அகதி முகாமில் வந்து விழுந்தார். கையில் ஒரு பெட்டி. குடும்பம் எங்கே என்று தெரியாது. அவ்வூர்ப் பேராலயத்துக்குள் சென்று பாடுபட்ட சுரூபத்தின் முன் உட்காருவார். மறுநாளும் போவார்.

இச்சுரூபம் அவருக்கு முற்றிலும் புதிதன்று. 1924-இல் போலந்து நாட்டில் பயணம் செய்தபோது கிராக்கோவ் நகரின் தேவமாதா ஆலயத்தில் வைட் ஷ்டோஸ் என்னும் சிற்பி செய்த பாடுபட்ட சுரூபத்தின் முன் அசைவற்று நின்றிருந்தார். பதினாறு ஆண்டுகள் அந்த வித்து மண்ணுக்குள் கிடந்தது போலும். மாந்த் பேராலயத்திலும் அவருக்கு உடனே ஒளி கிடைத்துவிடவில்லை. ஐயங்களோடுதான் உட்கார்ந்திருந்தார் என்பதை அவரே பிற்காலத்தில் 'விதியின் பயணம்' என்ற நூலில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த நேர்மைக்காகவே அந்நூல் நமக்குப் பிரியமானது.

துலூஸ் நகரில் மனைவியையும் மகனையும் கண்டுபிடித்தார். ஸ்பெயின், லிஸ்பன் வழியாக அமெரிக்காவை அடைந்தனர். ஹாலிவுட் படக் கம்பெனி ஒன்று வாரம் நூறு டாலர் சம்பளத்தில் ஓராண்டு அவரைக் கதை எழுத அமர்த்தியது. அதன்பின் பிறர் உதவியில் காலம் தள்ளினார். 1941 நவம்பர் 30-ஆம் நாள் அவரும் மனைவி எர்னாவும் கடைசி மகனும் ஹாலிவுட்டில் இயேசு சபைக் குருக்களின் பங்கில் திருமுழுக்குப் பெற்றனர். யூத மக்கள் ஐரோப்பாவில் வதைபட்டுக்கொண்டிருந்த வேளையில் தாம் இதைச் செய்வது உறவினரையும் நண்பரையும் புண்படுத்தும் என்று அறிந்து அதனை வெளியிடாமலே வைத்திருந்தார். 1943-இல் தம் அறுபத்தைந்தாம் பிறந்தநாள் விழாவில் நண்பர்கள் கூடியிருக்க, தம் விசுவாசத்தைப் பற்றி அவர் பேசியபோது பலர் முகம் சுளித்தனர். நாடகாசிரியர் பிரெக்ட் அதைக் கண்டித்துக் கவிதையே எழுதினார். அந்த நண்பர்களின் வருத்தத்திலும் நியாயம் இல்லாமலில்லை. டோப்ளினுக்கும் வேறு வழி இருக்கவில்லை.

இவரைக் குறையற்ற மனிதராகக் காட்டுவது நம் நோக்கமன்று. தந்தை இல்லறத்திற்குச் செய்த துரோகத்தைச் சிறுவயதில் கண்ட இவரே, நடுவயதில் தம் மனைவியின் மனத்தை நோகச் செய்தவர். தம்மைப் பற்றி எழுதும்போது தந்தையிடம் கண்ட குணத்தைத் தம்மிடமும் கண்டதாக அவர் வருந்தினார்.

இனிச் சொல்ல வேண்டியது துயரமானது. இரண்டாவது மகன் வோல்ப்காங், பாரிசில் இருபத்து மூன்று வயதிலேயே கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்ற மேதை. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து போர்முனையில் இருந்தான். குளிர்கால இரவுகளில் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் ஓர் ஆராய்ச்சியை எழுதி, முத்திரையிட்ட உறையில் 1940 பிப்ரவரியில் பாரிஸ் அறிவியல் கழகத்திற்கு அனுப்பினான். ஜூன் 21-ஆம் நாள் ஊஸ்ரா என்ற மலைக் கிராமத்தில் எதிரிப் படை அவனைச் சூழ்ந்தது. பிடிபட்டால் யூதனுக்கு என்ன நேரும் என்று அவனுக்குத் தெரியும். கையிலிருந்த தாள்களை எரித்துவிட்டுத் தன் உயிரையும் முடித்துக்கொண்டான். வயது இருபத்தைந்து. பெயர் தெரியாத போர்வீரனாக அவனை அங்கேயே புதைத்தார்கள். தந்தை பாரிசை விட்டுக் கிளம்பி வழி தெரியாமல் அலைந்துகொண்டிருந்த நாட்கள் அவை. மகன் இறந்த செய்தி பெற்றோருக்கு எட்டியது 1945 மார்ச்சில்; ஐந்தாண்டுகள் அவர்கள் உயிரோடிருப்பான் என்றே காத்திருந்தனர். அவன் அனுப்பிய உறை 2000-ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. ஜப்பானியக் கணித அறிஞர் இட்டோ பிற்காலத்தில் கண்டு புகழ்பெற்ற முடிவுகளின் சாயல் அதில் இருந்ததைக் கண்டு கணித உலகம் திகைத்தது.

போர் முடிந்தபோது இன்னொன்றும் வெளிச்சத்துக்கு வந்தது. 1940, 1941 ஆகிய ஈராண்டுகளில் ஜெர்மனியின் மனநோய் விடுதிகளிலிருந்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களை நாஜி அரசு பேருந்துகளில் ஏற்றிச் சென்று நச்சுப்புகையால் கொன்றிருந்தது. ஹோகேயின் நூலில் இருந்த சொற்களே அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டன. பூக் விடுதியின் நோயாளிகளும் அதற்குத் தப்பவில்லை. 1941 ஆகஸ்டில் மியூன்ஸ்டர் ஆயர் கலென் தம் மறையுரையில் இக்கொலைகளைப் பகிரங்கமாகக் கண்டித்ததை நம் அருட்சகோதரிகள் அறிவர்.

அதே 1945-இல் டோப்ளின் பிரெஞ்சு அதிகாரியாகச் சீருடையுடன் ஜெர்மனிக்குத் திரும்பிப் பாடன்-பாடன் நகரில் இலக்கியப் பணியில் அமர்ந்தார். 'பொற்கதவு' என்ற மாத இதழை 1946 முதல் 1951 வரை நடத்தினார். ஆனால் ஓடிப்போய்த் திரும்பியவர் என்று அவரை மக்கள் அந்நியராகவே பார்த்தனர். பழைய தோழருக்கு அவருடைய விசுவாசம் பிடிக்கவில்லை. 1953-இல் மனம் கசந்து பாரிசுக்கே திரும்பினார்.

கடைசி நாவலான 'ஹாம்லெட் அல்லது நீண்ட இரவு முடிகிறது' 1946-இலேயே முடிந்திருந்தும் பத்தாண்டுகள் பதிப்பிப்பாரின்றிக் கிடந்தது. போரில் ஒரு காலை இழந்து மனம் பேதலித்து வீடு திரும்பும் ஓர் இளைஞனின் கதை அது. அவனைத் தேற்றக் குடும்பத்தார் கூடிக் கதைகள் சொல்கின்றனர். கதைகளுக்குள்ளே அவரவர் மறைத்த உண்மைகள் ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன. நாற்பதாண்டுக்கு முன் ஞாபகம் அழிந்த நோயாளிகளின் கதைகளைக் குறித்துவைத்த அந்த இளம் வைத்தியரை இங்கே மறுபடி காண்கிறோம். மூலப் பிரதியில் இளைஞன் இறுதியில் துறவு மடம் புகுகிறான். 1956-இல் கிழக்கு ஜெர்மனியில் நூல் அச்சானபோது அந்த முடிவை மாற்ற வேண்டியதாயிற்று.

அதற்குள் நடுக்குவாத நோய் அவரை முடக்கிவிட்டது. கை எழுதவில்லை, கண்ணும் மங்கியது. கறுப்புக் காட்டுப் பகுதியிலுள்ள மருத்துவமனைகளில் மாறி மாறிப் படுத்திருந்தார். 1957 ஜூன் 26-ஆம் நாள் பிரைபுர்க் அருகே எம்மெண்டிங்கன் ஊரின் மனநோய் மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. மாணவராக மறதி நோயாளிகளின் அருகே அமர்ந்த நகரிலிருந்து அது நெடுந்தொலைவில்லை. 1940-இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளைக் கொலைக்களத்துக்கு அனுப்பிய கட்டடங்களும் அவைதாம்.

பிற்காலத்தில் குந்தர் கிராஸ் டோப்ளினைத் தம் ஆசிரியராக ஏற்று, அவர் பெயரால் 1979-இல் ஓர் இலக்கியப் பரிசையும் நிறுவினார்.

டோப்ளினைப் பாரிசிலோ பெர்லினிலோ அடக்கம் செய்யவில்லை. அவருடைய உடலை ஊஸ்ரா கிராமத்திற்கு எடுத்துச் சென்று, மகன் வோல்ப்காங் அருகே வைத்தார்கள். வந்தவர் சிலரே. மூன்று மாதம் முடியுமுன் எர்னாவும் மறைந்தார். அவரையும் அங்கேயே கொண்டுவந்தார்கள். மலையடிவாரத்தில், கிராமத்துக் கோவிலை ஒட்டிய சிறு கல்லறைத் தோட்டத்தில், மகனுடைய கல்லறை நடுவிலும் தாய் தந்தையருடையவை இரு பக்கத்திலுமாக இன்றும் இருக்கின்றன.